தோளுக்குப் பதினொரு தாள்கள்

ஞாயிறு, காலை

அன்புள்ள கேப்டன் அக்காவுக்கு,

இங்கே நானும் நலம், என் தோளும் நலம். நீங்களும், உங்கள் கையில் தினமும் வந்து மாட்டிக்கொள்ளும் முதுகுக்காரர்கள், முழங்கால்காரர்கள், கழுத்துக்காரர்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

தோளைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நான்கு நாளில் இரண்டு தாளைக் கிழித்தாயிற்று. பொறுமைக்கும் எனக்கும் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்கா, எனக்குத் தோள் வலிக்கவே இல்லை. இப்போது மட்டுமல்ல, போன வருடமும் வலிக்கவில்லை. அந்த நீச்சல் ரிலே நடந்த அன்றைக்கும் வலிக்கவில்லை. ஒரு நாளும், ஒரு நிமிடமும் வலிக்கவில்லை.

இதை எழுதிவிட்டு எழுந்து போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கூரை இடிந்து விழவில்லை. அம்மா மட்டும் உள்ளேயிருந்து, "வலது கையால குடத்தத் தூக்காதடி" என்று வழக்கம்போல் குரல் கொடுத்தாள். என் பொய்யை என்னைவிட அவள்தான் ஒழுங்காகப் பராமரித்து வருகிறாள்.

அன்றைக்கு நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். உங்களுக்கு நான் கதை சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் என் வாயால் ஒரு தடவை சொன்னால்தான் எனக்குத் தூக்கம் வரும். அது உங்கள் கடைசிப் போட்டி. நான்கு வருடத்தில் இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கிவிட்டீர்கள், தங்கம் மட்டும்தான் பாக்கி. ஆளுக்கு நூறு மீட்டர், நான்கு பேர். மூன்றாவது ஆள் நீங்கள், நான்காவது ஆள் நான். நீங்கள் எல்லோருக்கும் முன்னால் வந்துகொண்டிருந்தீர்கள். உங்கள் கை சுவரைத் தொடும்வரை கரையிலுள்ள குதிமேடையில், பிளாக்கின் மேல், நிற்க வேண்டும், அதுதான் என் வேலை. ஒரு விளக்குக் கம்பம்கூடச் செய்துவிடும் வேலை. எனக்கு முடியவில்லை. உங்கள் கை சுவருக்கு ஒரு சாண் தள்ளி இருந்தபோதே என் கால் பிளாக்கை விட்டுவிட்டதாம். நாம் முதலாவதாக முடித்தோம். நான் தண்ணீருக்குள் நின்று கையைத் தூக்கிக் கத்தினேன். எனக்கு மேலே கரையில் நடுவரும் கையைத் தூக்கிக்கொண்டுதான் நின்றார். அவர் எதற்காகத் தூக்கினார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தகுதி நீக்கம். நான்கு பேருடைய நீச்சலும் வீண்.

உடை மாற்றும் அறையில் நம் அணியின் நெட்டை என் முன்னால் வந்து நின்று, "என்னடி ஆச்சு" என்று கேட்டாள். அவசரப்பட்டுவிட்டேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "தோள் சுரீர்னு இழுத்துச்சு, தடுமாறி விழுந்துட்டேன்" என்று வாயில் வந்ததைச் சொன்னேன். எல்லோருடைய முகமும் ஒரே நொடியில் மாறிவிட்டது. நீங்கள் வந்து உங்கள் துண்டை என் வலது தோளில், வலிக்குமோ என்று பயந்து பயந்து, போர்த்தினீர்கள். நீங்கள் ஓர் அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன் அக்கா. துண்டை லாக்கருக்குள் திணித்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு ஓடியவள்தான். பத்து நாள் கழித்து நீங்கள் வேலைக்குக் கிளம்பியபோதும் வழியனுப்ப வரவில்லை. டாக்டரிடம் போவதாகச் சொல்லி அனுப்பினேன். அது மட்டும் உண்மை. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, இவ்வளவு அழகான தோளைத் தான் பாடப்புத்தகத்தில்தான் பார்த்திருப்பதாகச் சொன்னார். நான் அவர் முன்னால் முனகினேன்.

அதற்குப் பிறகு குளத்துப் பக்கமே போகவில்லை. இன்னொன்றும் நடந்தது. எனக்கு 'முந்திரிக்கொட்டை' என்று பெயர் வைத்தவர் நீங்கள்தானே? முதல் நாள் பயிற்சியில் விசில் ஊதுவதற்கு முன்னாலேயே குதித்தேன் என்று. பிறகு அது சுருங்கி 'முந்திரி' ஆகி, கோச்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அந்த ரிலேவுக்குப் பிறகு ஒருவரும் அப்படிக் கூப்பிடவில்லை. என் மனம் நோகக்கூடாது என்றுதான். வழியில் பார்த்தால் முழுப் பெயரைச் சொல்லி, வங்கியில் டோக்கன் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டார்கள். நீங்கள் அனுப்பிய தாள்களிலும் அந்தப் பெயர் இல்லை.

அந்தத் தாள்கள்! வெளியூருக்குப் போய் பிசியோதெரபி வேலையில் சேர்ந்த மூன்றாவது மாதமே முதல் தாள் வந்தது. "தோளுக்கு, தாள் ஒன்று" என்று தலைப்பு. ரெட்டைச் சடை போட்ட ஒரு குச்சிப் பொம்மை கையை இப்படியும் அப்படியும் சுற்றுகிறது. எத்தனை தடவை, எத்தனை சுற்று என்ற விவரம். கடைசியில் "அவசரப்படாமல்" என்று அடிக்கோடு. இந்த இரண்டு வருடத்தில் பதினொரு தாள். ஒவ்வொன்றுக்கும் நான் "வலி குறைந்து வருகிறது, நன்றி" என்று ஒரு வரிப் பதில். போனில் கூப்பிடுவீர்கள், பேச்சை வளர்க்காமல் அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவேன். உங்கள் குரலைக் கேட்டுக்கொண்டு பொய் சொல்வது வேறு, காகிதத்தில் சொல்வது வேறு.

ஆனால் ஒன்று சத்தியம். எல்லாத் தாளையும் செய்தேன். ஒரு நாள் விடாமல் செய்தேன். வலிக்காத தோளுக்கு வைத்தியம் எதற்கு என்று கேட்கலாம். நீங்கள் உட்கார்ந்து வரைந்து அனுப்புகிறீர்கள், அதையும் செய்யாமல் விட்டால் நான் மனுஷியே இல்லை என்று தோன்றியது. சமையலறைக் கதவுக் கைப்பிடியில் ரப்பர் பட்டையைக் கட்டி இழுத்தேன். முக்காலியின் மேல் குந்தி நின்று பாய்ந்தேன். தோள் வலிக்கு எதற்குடி குதிக்கிறாய் என்று அம்மா கேட்டதற்கு, படித்தவர்கள் சொன்னால் காரணம் இருக்கும் என்று வாயை அடைத்தேன். கீழ் வீட்டுக்காரர் ஒரு நாள் மேலே வந்து, தினமும் என்ன இடிக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போனார்.

இனி நல்ல செய்தி. மூன்று வாரத்துக்கு முன்னால் கல்லூரி அறிவிப்புப் பலகையில் என் பெயர் இருந்தது. பதினேழாம் எண் லாக்கரிலிருந்து நாற்றம் வருகிறது, உரியவர் உடனே காலி செய்யவும் என்று ஊரறிய எழுதிப் போட்டிருந்தார் கோச். தலையைக் குனிந்துகொண்டு போனேன். சாவி திரும்பவில்லை. ஆணி வைத்துத் தட்டித் திறந்தால் உள்ளே உங்கள் துண்டு. நீலக் கரை போட்டது, நினைவிருக்கிறதா? பச்சைப் பூஞ்சை பூத்து, அப்பளம்போல் விறைத்துப்போய்க் கிடந்தது. அதைக் கையில் பிடித்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. பின்னால் கோச் நின்றிருந்தார். அவரைத்தான் உங்களுக்குத் தெரியுமே, கழுத்தில் இரண்டு ஸ்டாப்வாட்ச், சொல்வதெல்லாம் நொடிக் கணக்கு. "ரெண்டு வருஷம், ஒரு மாசம், நாலு நாள் லேட்டு. நாளைக்குக் காலைல அஞ்சே முக்காலுக்கு வா, அதுல லேட்டாகாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தோள் எப்படி என்று கேட்கவே இல்லை.

போனேன். ஐந்தரைக்கே போய்விட்டேன். தண்ணீரில் கால் வைத்ததும் உடம்பெல்லாம் சிலிர்த்தது. குளிரா சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. முதல் இருநூறு மீட்டரிலேயே மூச்சு வாங்கிக் கயிற்றில் தொங்கினேன். பக்கத்து லேனில் முதல் வருடத்துப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துப் பாவப்பட்டு, "அக்கா, நீங்க ஸ்டாஃபா?" என்று கேட்டாள். நெட்டை சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்துவிட்டாள். இரண்டு வருடமாக என்னோடு சரியாகப் பேசாதவள், அக்கா! அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு இருநூறு மீட்டர் நீந்தினேன். மூச்சுதான் இல்லையே தவிர, பிளாக்கிலிருந்து பாய்ந்தபோது பழைய தூரத்துக்கே போய் விழுந்தேன். கோச் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இது சும்மா கெடந்த ஒடம்பு இல்லையே" என்றார். எனக்கும் ஆச்சரியம்தான்.

ரிலேவுக்கு ஓர் ஆள் குறைகிறதாம். நெட்டைதான் இப்போது கேப்டன். நான்காவது இடம் காலியாக இருக்கிறது, மூச்சு திரும்பினால் பார்க்கலாம் என்று கோச் சொல்லியிருக்கிறார். அந்த இடத்தில் மறுபடியும் நிற்பதற்கு முன்னால் உங்களிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன். திட்டி எழுதுங்கள், கொட்டை எழுத்தில் எழுதுங்கள், ஆனால் எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் துண்டை மூன்று தடவை துவைத்தாயிற்று. பூஞ்சை போய்விட்டது, கரை கொஞ்சம் வெளுத்திருக்கிறது.

இப்படிக்கு,
உங்களை இரண்டு வருடம் ஏமாற்றிய,
தோளில் ஒரு குறையும் இல்லாத தங்கை


வியாழன், மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

முதல் கடிதம் போட்டு நாற்பத்தைந்து நாள் ஆகிறது. எண்ணிக்கொண்டா இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். கோச்சோடு பழகினால் எல்லோருக்கும் அந்த நோய் வந்துவிடும். தபால்காரர் எங்கள் தெருவில் திரும்பும்போதே நான் மாடிப்படியில் பாதியில் நிற்கிறேன். அவர் என்னைப் பார்த்துவிட்டுத் தூரத்திலிருந்தே தலையை ஆட்டிவிடுகிறார், பாவம்.

நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். ஆனாலும் இப்போது எழுதாமல் இருக்க முடியவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் அப்படி.

முதலில் குளத்துச் செய்திகள். என் தலைமுடி பழையபடி துடைப்பம் ஆகிவிட்டது. கண்ணைச் சுற்றி நீச்சல் கண்ணாடியின் வளையம், வகுப்பில் ஆந்தை உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கிறேன். பசி என்றால் அப்படி ஒரு பசி. அம்மா அடுப்பை அணைக்கவே நேரமில்லை என்கிறாள். அம்மா அப்பாவிடமும் தோள் உண்மையைச் சொல்லிவிட்டேன். அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டு வருடமாகத் தூக்காத குடம் எல்லாவற்றையும் இப்போது வட்டியோடு தூக்குகிறேன். பஸ் ஓட்டும் அப்பா மட்டும், "கதவு மூடாம ஒரு நாள் வண்டிய எடுத்ததில்ல நான், எனக்குப் போயி இப்படி ஒண்ணு பொறந்திருக்கு பாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

நான்காவது இடத்தை எனக்கே கொடுத்துவிட்டார்கள். எனக்கு முன்னால், நீங்கள் நீந்திய மூன்றாவது இடத்தில், என்னை ஸ்டாஃபா என்று கேட்டாளே, அந்தப் பெண். பயம் வந்தால் அவளுக்குக் கொட்டாவி வரும். அதனால் அவள் பெயரே கொட்டாவி ஆகிவிட்டது. நீச்சலில் மீன்தான். பிரச்சினை அவளிடம் இல்லை, என்னிடம். பிளாக்கின் மேல் ஏறி நின்றால் என் கால் நகர மறுக்கிறது! அவள் வருவது தெரிகிறது, கை நீள்வது தெரிகிறது. தொட்டாளா இல்லையா, தொட்டாளா இல்லையா என்று மனம் அடித்துக்கொள்கிறது. அவள் தொட்டு, தலையைத் தூக்கி, என் முகத்தைப் பார்த்த பிறகுதான் குதிக்கிறேன். ஒரு நொடி வீண். அந்த ஒரு நொடியில் அவள் ஒரு கொட்டாவியே விட்டு முடித்துவிடுகிறாள். முந்திக்கொண்டு குதித்தவள் இப்போது பந்தல்கால் மாதிரி நிற்கிறேன். போட்டிக்கு மூன்று வாரம் இருக்கும்போது கோச் கூப்பிட்டு, சனிக்கிழமைக்குள் இது பாதியாகக் குறையவில்லை என்றால் வேறு ஆளைப் போடுவேன் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் இடத்தில் நான் இருந்தால் ஒரு மாதம் முன்னாலேயே மாற்றியிருப்பேன்.

அன்றைக்குத்தான் அது நடந்தது. பையிலிருந்து தொப்பியை எடுக்கும்போது உங்கள் பதினொன்றாம் தாள் ஈரத் தரையில் விழுந்தது. கோச் எடுத்து உதறிப் படித்தார். அதை நான் இங்கே அப்படியே எழுத வேண்டியதில்லை, நீங்கள் எழுதியதுதான். ஆனாலும் எழுதுகிறேன். "முக்காலியின் மேல் குந்தி நில். வீட்டில் யாரையாவது எதிரே நடந்து வந்து கதவைத் தொடச் சொல். அவர்கள் கை கதவில் பட்ட பிறகுதான் நீ பாய வேண்டும். தசை எதிர்பாராமல் அசைய வேண்டும் என்பதால் எப்போது பாய்வது என்பதை நீ முடிவு செய்யாதே, அவர்கள் முடிவு செய்யட்டும். முந்திவிட்டால் அது கணக்கில் சேராது, முதலிலிருந்து தொடங்கு. இருபது தடவை. அவசரப்படாமல்."

கோச் நின்றபடியே இரண்டு தடவை படித்தார். எவ்வளவு நாளாக இதைச் செய்கிறாய் என்று கேட்டார். ஐந்து மாதமாக, அம்மாதான் தினமும் கதவைத் தொடுகிறாள் என்றேன். எழுதியது யார் என்று கேட்டார். உங்களைச் சொன்னேன். நாளைக்கு மீதிப் பத்துத் தாளையும் கொண்டுவா என்றார்.

மறுநாள் பெஞ்சின் மேல் பதினொரு தாளையும் சீட்டுக்கட்டு மாதிரிப் பரப்பினார். விரலால் தொட்டுத் தொட்டு, "இது ஸ்டார்ட்டுக்கு. இது சுவர்ல உதைச்சுத் திரும்பறதுக்கு. இது கடைசி இருபத்தஞ்சு மீட்டருக்கு. இது டேக் ஓவருக்கு, ஒருத்தி தொட்டதும் அடுத்தவ பாயறதுக்கு. தோளுக்குன்னு இதுல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு, மொத தாளு. இழுத்துக்கிட்ட தோளோட மிச்சத்தையெல்லாம் செஞ்சிருந்தா, தோளு கழண்டு கைல வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். அக்கா, கோச்! பெஞ்சில் உட்கார்ந்து நானும் ஓவென்று அழுதேன். நெட்டை வந்து என்னவோ ஏதோ என்று பயந்து அவளும் அழுதாள். கொட்டாவிக்கு அடுக்கடுக்காகக் கொட்டாவி.

நீங்கள் எனக்கு வைத்தியம் பார்க்கவே இல்லை. இரண்டு வருடமாக, அவ்வளவு தூரத்திலிருந்து, எனக்கே தெரியாமல் எனக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

கோச் அதோடு விடவில்லை. உன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்றார். பள்ளிக்கூடத்தில்கூட என் அம்மாவை யாரும் இப்படி வரச் சொன்னதில்லை. அம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு, தண்ணீர் தெறிக்காத தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான்கு தடவை நானும் கொட்டாவியும் மாறுவதைப் பார்த்தாள். ஐந்தாவது தடவை எழுந்து விளிம்புக்கே வந்துவிட்டாள். குனிந்து கொட்டாவியிடம், "ஏம்மா, பூனை மாதிரி வந்து தொடறியே, அவளுக்கு எப்படித் தெரியும்? நான் கதவப் படார்னு அடிப்பேன். நீயும் படார்னு அடி" என்றாள். கோச் ஸ்டாப்வாட்சைக் கீழே விட்டுவிட்டார். உண்மைதான் அக்கா. அந்தப் பெண் கடைசி வீச்சைப் போடாமல், கையை நீட்டிக்கொண்டு மிதந்து வந்து மெல்லத் தொடுகிறாள். அவள் எப்போது தொடுவாள் என்று கடவுளுக்கே தெரியாது. அதற்குப் பிறகு அவள் முழு வேகத்தில் வந்து சுவரை அடித்தாள். என் கால் தானாகப் பறந்தது. சமையலறையில் தினமும் இருபது தடவை பறந்த கால்தானே. சனிக்கிழமை பார்த்தபோது பாதி என்ன, பாதிக்கும் பாதி. என் இடம் எனக்கே.

இப்போது நான் கேட்க வேண்டியது ஒன்றுதான். உங்களுக்கு எப்போது தெரியும்? தெரிந்தும் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை? போட்டி வருகிற சனிக்கிழமை. அதற்குள் இந்தக் கடிதமே உங்களிடம் வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் ஞாயிறு தவிர எல்லா நாளும் மாடிப்படியில்தான் நிற்பேன்.

இப்படிக்கு,
பதினொரு தாளுக்கும் கடமைப்பட்ட தங்கை


திங்கள், கல்லூரி நூலகத்திலிருந்து

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. தபால்காரர் தெருமுனையிலேயே கையை உயர்த்தி ஆட்டினார். செருப்புப் போடாமல் ஓடினேன். முதல் வார்த்தையைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டேன். "முந்திரி" என்று எழுதியிருந்தீர்கள். கடிதத்தில் மீதி என்ன இருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது.

மூன்று தடவை எழுதிக் கிழித்ததால் தாமதம் என்கிறீர்கள். நானும் கிழித்தவள்தான், மன்னித்தேன். என் இரண்டாவது கடிதம் கைக்கு வருவதற்கு முன்னாலேயே அதிலிருந்த கேள்விக்குப் பதில் எழுதியிருக்கிறீர்கள். "தோள் இழுத்தவள் தன் வாழ்நாளிலேயே வேகமான நூறு மீட்டரை அதற்குப் பிறகு நீந்துவாளா? உடை மாற்றும் அறையிலேயே எனக்குத் தெரியும்" என்று. அக்கா, இரண்டு வருடத்தில் இது எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றவில்லை! எவ்வளவு கெட்டிக்காரப் பொய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். "நீ தோள் என்று சொல்லிவிட்டாய். சரி, வேறு வழியில் உள்ளே வர முடியாது, தோள் வழியாகவே வருவோம் என்று வந்தேன்" என்ற வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த பத்தியைத்தான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. அன்றைக்குக் கடைசியில் உங்களுக்கு மூச்சு தீர்ந்துபோய், ஒரு வீச்சு பாக்கி இருக்கும்போதே கையை நீட்டி மிதந்து வந்ததாகவும், வழக்கமான வேகத்தைக் கணக்கு வைத்துத்தான் நான் குதித்தேன் என்றும், அதைச் சொல்லாமல் ஊரை விட்டுப் போனதுதான் உங்களை உறுத்திக்கொண்டே இருந்தது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நீங்களும் அங்கே இதையே சுமந்துகொண்டா இருந்தீர்கள்? இல்லை அக்கா, அதைப் பங்கு போட வேண்டாம். கால் என்னுடையது. பார்த்துவிட்டுக் குதிக்க வேண்டியவள் நான். உங்கள் பங்குக்குத்தான் பதினொரு தாள் இருக்கிறதே, அதோடு சரியாகப் போயிற்று.

சரி, போட்டிக்கு வருகிறேன். பொறுமை இல்லாதவள் இவ்வளவு நேரம் காக்க வைத்ததே பெரிது. நான் பிளாக்கில் ஏறும்போது நாங்கள் நான்காவது இடத்தில் இருந்தோம். கொட்டாவி வந்தாள். கூட்டம், சத்தம், பக்கத்து பிளாக்குகளில் ஒருத்தி, இரண்டு பேர் என்று பாய்ந்துவிட்டார்கள். என் கால் நின்றது. அவள் கை தண்ணீருக்கு மேலே எழுந்து, சுவரில் படாரென்று அடித்தது. அந்தச் சத்தம் எனக்கு எங்கள் வீட்டுக் கதவின் சத்தமாகவே கேட்டது. பறந்தேன். நூறு மீட்டரில் என்ன நடந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தண்ணீர் எனக்கு வழிவிட்டது, அவ்வளவுதான் நினைவு.

சுவரைத் தொட்டதும் மற்றவர்கள் எல்லோரும் நேரப் பலகையைப் பார்த்தார்கள். நான் நடுவரைப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். ஒருவர் கையைத் தூக்காமல் நின்றதற்காக நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை. அப்புறம்தான் பலகையைப் பார்த்தேன். மூன்றாவது இடம். வெண்கலம்! தங்கம் வாங்கியவர்கள்கூட எங்களைப் பார்த்து, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று விழித்தார்கள். அவ்வளவு கூச்சல் போட்டோம். நெட்டை உடை மாற்றாமல் அப்படியே குளத்துக்குள் மறுபடியும் குதித்து வந்து என்னைக் கட்டிக்கொண்டு, என் காதுக்குள், "முந்திரி, எரும, நீ நின்னடி!" என்று கத்தினாள். மாடத்திலிருந்து கோச்சும் முந்திரி என்றார். அம்மாவுக்கு அந்தப் பெயரின் கதையே தெரியாது. அவளும் சேர்ந்துகொண்டு முந்திரி முந்திரி என்று கை தட்டினாள்.

உங்கள் துண்டால்தான் துவட்டிக்கொண்டேன். திரும்பவும் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

இன்னும் இரண்டு மாதத்தில் லீவில் வருவதாக எழுதியிருக்கிறீர்கள். வந்த மறுநாளே குளத்துக்கு வர வேண்டும். கோச்சிடம் சொல்லி ஒரு லேன் வாங்கி வைத்திருக்கிறேன். நடுவர் வேண்டாம், ஸ்டாப்வாட்ச் வேண்டாம், பக்கத்து லேனில் யாரும் வேண்டாம். அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள் நீந்தி வாருங்கள், இந்தப் பக்கம் நான் நிற்கிறேன். பழக்கம் விட்டுப்போயிற்று என்று கூச்சப்பட வேண்டாம். மூச்சு வாங்கினால் கயிற்றைப் பிடித்து நின்று வாருங்கள், மிதந்துகூட வாருங்கள். எவ்வளவு நேரமானாலும் சரி அக்கா, உங்கள் கை சுவரைத் தொடும்வரைக்கும் என் கால் பிளாக்கை விட்டு எழும்பாது.

இப்படிக்கு,
முந்திரி